ஹெடர் கோப்பால் வரும் கிராஷைப் பிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் சி, சி++ எழுதுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: சொந்தக் குறிமுறையில் தப்பே தெரியவில்லை, நிரல் மட்டும் விழுகிறது, தோண்டிப் போனால் ஓஎஸ்ஸின் ஹெடர் கோப்பில் (ஃபங்ஷன்கள், ஸ்ட்ரக்சர்கள் எப்படிப்பட்டவை என்று அறிவிக்கும் கோப்பு) போய் நிற்கிறது.

ஹெடரில் ஓடுகிற குறிமுறையே பெரும்பாலும் இல்லையே. அது எப்படி நிரலை விழவைக்கும்?

லைப்ரரி ஏற்கெனவே கம்பைல் ஆகி உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கோப்பைக் கம்பைல் செய்யும்போது கம்பைலர் அதைத் திறந்து பார்ப்பதில்லை. ஹெடர் சொல்வதை அப்படியே நம்புகிறது. இந்த ஃபங்ஷன் பாயின்டர் (நினைவக முகவரி) தரும் என்றால் சரி, இந்த ஸ்ட்ரக்சர் 88 பைட் என்றால் சரி. அடுத்து வந்து, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கராவது சரிபார்க்குமா என்றால், சியில் அது பெயரை மட்டும்தான் பொருத்தும்; வகையைப் பார்க்காது. ஆகவே நீங்கள் கம்பைல் செய்தபோது நம்பியதும் லைப்ரரி கம்பைல் ஆனபோது இருந்ததும் வேறு வேறாக இருந்தால், ஓடும்போதுதான் தெரியவரும். அதுவும் தப்பு நடந்த இடத்தில் தெரியாது, வேறெங்கோ போய் வெடிக்கும்.

பழைய டெபியனில் வருஷக்கணக்காக ஓடிய நிரல். ஓஎஸ்ஸை மாற்றியதும் முதல் நிமிஷத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு விழுவது). புது ஹெடரில்தான் கோளாறா?

அப்படித்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஓர் அலுவலகத்தில் பதிவுக் கோப்புகளைப் படித்துப் பிரித்து எழுதும் சின்ன சி நிரல் ஒன்று இருந்தது. டெபியன் 8-இல் ஒரு குறையும் இல்லை. டெபியன் 9-இல் மறுபடி கம்பைல் செய்து ஓட்டினால் முதல் வரியைப் படித்ததுமே விழுந்தது. பிழைதேடும் கருவியான ஜிடிபியில் பார்த்தால், லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில், சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்ட்ர்லென்னுக்குள் செத்திருந்தது. மேலே யார் கூப்பிட்டது என்று பார்த்தால் எங்கள் ஃபங்ஷன். அது கொடுத்த பாயின்டரின் மதிப்பு பதினறும எண்ணில் 55757010.

அந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 64 பிட் கணினியில் ஜிடிபிக்குள் ஓடும் இப்போதைய நிரல்களின் ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) முகவரிகள் 5555 என்று தொடங்கிப் பன்னிரண்டு இலக்கம் வரும். இங்கே எட்டுத்தான் இருக்கிறது. தலை போய்விட்டது, வால் மட்டும் மிச்சம்.

அந்தப் பாயின்டர் வந்தது, சரத்தை நகலெடுத்துத் தரும் ஸ்ட்ர்டப்பிலிருந்து. அதில் பிரேக்பாயின்ட் வைத்து, ஜிடிபியின் ‘ஃபினிஷ்’ கட்டளையால் வெளியே வந்து, ஃபங்ஷனின் விடை வந்து நிற்கும் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தேன்: 555555757010. முழு முகவரி, சரியான முகவரி. ஒரே ஓர் இயந்திரக் கட்டளை முன்னால் நகர்ந்தேன். ஆர்ஏஎக்ஸில் இப்போது 55757010. நடுவில் இருந்த அந்தக் கட்டளையின் பெயர் சிஎல்டிகியூ. 32 பிட் முழு எண்ணை 64 பிட்டாக நீட்டுவதுதான் அதன் வேலை. பாயின்டர் தரும் ஃபங்ஷனுக்குப் பின்னால் அந்தக் கட்டளை இருக்கவே கூடாது. இருக்கிறது என்றால், ஸ்ட்ர்டப் ஓர் இன்ட் (32 பிட் முழு எண்) தருவதாகக் கம்பைலர் நினைத்திருக்கிறது. அறிவிப்பே இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் சி89 காலத்து வழக்கப்படி அது இன்ட் தரும் என்றுதான் பழைய ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் டெபியன் 8-இல் எப்படி ஓடியது? இதுதான் எல்லோரையும் ஏமாற்றும் இடம். அங்கே நிரல்கள் நினைவகத்தில் ஒரு நிலையான தாழ்ந்த இடத்தில் ஏற்றப்பட்டன. ஹீப்பும் அதற்குப் பின்னாலேயே வரும். நினைவகம் ஒதுக்கும் மாலாக் ஃபங்ஷன் முதலில் 602010 போன்ற சின்ன முகவரியைத் தரும். அதை 32 பிட்டாக வெட்டினாலும் ஒன்றும் இழப்பில்லை, மேலே இருப்பது வெறும் சுழியங்கள்தானே. 2017-இல் வந்த டெபியன் 9 முதல், எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய நிரல்களாகக் கம்பைல் செய்வதை ஜிசிசி இயல்பாக்கிக்கொண்டது. உபுண்டு அதை 2016-இல், 16.10 பதிப்பிலேயே செய்துவிட்டது. முகவரி உயரத்துக்குப் போனது, வெட்டு வலித்தது. பிழை எங்களிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. புது ஹெடர் மேல் பழி சொல்ல எதுவுமில்லை.

இன்னொரு அடையாளமும் சொல்லிவிடுகிறேன். ஜிலிப்சி போன்ற பகிர்வு லைப்ரரிக்குள் இருக்கும் சரத்தின் முகவரி 7 என்று தொடங்கிப் பன்னிரண்டு இலக்கம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி பெரிய எண்ணாக இருந்து வெட்டுப்பட்டால், கூட்டல்-கழித்தல் குறியோடு 64 பிட்டாக நீட்டும்போது மேல் எட்டு இலக்கங்களும் எஃப் ஆகிவிடும். ஆக, எட்டே இலக்கப் பாயின்டரோ, எஃப் எஃப்பாகத் தொடங்கும் பாயின்டரோ கண்ணில் பட்டால் முதலில் விட்டுப்போன அறிவிப்பைத் தேடுங்கள்.

ஸ்ட்ர்டப்புக்கு வேண்டிய ஸ்ட்ரிங்.ஹெச்சை நான் இன்க்ளூட் செய்துதான் இருந்தேன். பிறகு எப்படி அறிவிப்பு இல்லாமல் போகும்?

எங்கள் நிரலிலும் இருந்தது. அதனால்தான் அந்தக் கோப்பை எத்தனை முறை படித்தும் தப்பு தெரியவில்லை. குற்றவாளி மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பு) இருந்தது: ‘-எஸ்டிடி=சி99’.

சி99 தரத்தில் ஸ்ட்ர்டப் கிடையாது. அது யுனிக்ஸ் வகை ஓஎஸ்களுக்கான போசிக்ஸ் தரத்தின் ஃபங்ஷன். சி தரத்துக்குள் அது வந்ததே சி23-இல்தான். கண்டிப்பான சி99 வேண்டும் என்று நீங்கள் சொன்னதும், ஜிலிப்சியின் ஃபீச்சர்ஸ்.ஹெச் அதை மதித்து, தரத்தில் இல்லாத பெயர்களையெல்லாம் மறைத்துவிடுகிறது. ஸ்ட்ரிங்.ஹெச் உள்ளே வரும், ஆனால் அதில் ஸ்ட்ர்டப் வரி மட்டும் இஃப்டெஃப் நிபந்தனைக்குள் அடைபட்டிருக்கும். பிஓபன், எஃப்டிஓபன், ஸ்ட்ர்டோக்_ஆர் எல்லாம் இதே கதிதான். நான்குமே பாயின்டர் தருபவை.

தீர்வு சின்னது. ‘-எஸ்டிடி=க்னூ99’ என்று மாற்றுங்கள், அல்லது எந்த இன்க்ளூடுக்கும் முன்னால் _போசிக்ஸ்_சி_சோர்ஸ் மேக்ரோவை (கம்பைலுக்கு முன்பே மதிப்பு கொடுத்துவைக்கும் பெயர்) 200809 என்று வரையறுங்கள். நான் இரண்டாவதையே விரும்புவேன், எந்தத் தரத்தை நம்பி எழுதுகிறோம் என்பது கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

அந்த மேக்ஃபைலில் சின்ன டபிள்யூ கொடியும் இருந்தது. எல்லா எச்சரிக்கைகளையும் வாயடைக்கும் கொடி அது. அதை எடுத்ததும் கம்பைலர் இரண்டே வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: அறிவிப்பு இல்லை, முழு எண்ணிலிருந்து பாயின்டர் உண்டாகிறது. அந்த இரண்டு வரிக்காக இரண்டு நாள் போனது.

ஸ்டிட்லிப்.ஹெச் இல்லாமல் மாலாக்கைக் கூப்பிட்டாலும் என் நிரல் விழவில்லையே?

மாலாக் ஜிசிசிக்கு உள்ளேயே தெரிந்த பெயர். அறிவிப்பு இல்லாவிட்டாலும் பழைய ஜிசிசி அதன் உண்மையான வகையை எடுத்துக்கொண்டு ஓர் எச்சரிக்கை மட்டும் தரும். ஸ்ட்ர்டப்பும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆனால் கண்டிப்பான தர முறையில் அந்தச் சலுகை கிடைக்காது. ஆகவே மாலாக் பிழைத்ததை வைத்து மற்றதும் பிழைக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

கம்பைலர் உண்மையில் எதைப் பார்த்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிராஷ் ஆன இடத்தை வெறித்துப் பார்ப்பதில் ஓரளவுக்கு மேல் பயனில்லை. உங்கள் எடிட்டரில் திறந்திருக்கும் கோப்பும் கம்பைலர் கண்ட கோப்பும் ஒன்றல்ல. நடுவில், இன்க்ளூடுகளையும் மேக்ரோக்களையும் விரித்துத் தரும் ப்ரீபிராசஸர் இருக்கிறது. அது கொடுத்ததைப் பாருங்கள்.

அசல் பில்டில் அந்தக் கோப்பைக் கம்பைல் செய்த முழுக் கட்டளையை எடுங்கள். கொடி ஒன்றுகூட விடாமல் எடுக்க வேண்டும், கையால் சுருக்கி எழுதினால் பிழை மறைந்துவிடும். அதில் ‘-சி’ இருக்கும் இடத்தில் பெரிய எழுத்து ‘-ஈ’ போட்டு, வெளிவருவதை ஒரு கோப்பில் சேமியுங்கள். நூறு வரிக் கோப்பு சில ஆயிரம் வரியாக விரிந்திருக்கும். அதில் ஃபங்ஷன் பெயரைத் தேடுங்கள். அறிவிப்பு இருந்தால் கிடைக்கும். கூப்பிட்ட இடம் மட்டும் கிடைத்து அறிவிப்பு கிடைக்கவில்லை என்றால் வேலை முடிந்தது.

அந்த வெளியீட்டில் ஹேஷ் குறியோடு தொடங்கும் வரிகள் நிறைய இருக்கும். அடுத்து வருவது எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி என்று அவை சொல்கின்றன. கடைசியில் வரும் எண்களில் 3 இருந்தால், கம்பைலர் அதைச் சிஸ்டம் ஹெடராக எண்ணுகிறது என்று பொருள். இது முக்கியம்: சிஸ்டம் ஹெடருக்குள் எழும் எச்சரிக்கைகளை ஜிசிசி இயல்பாகவே காட்டாது. ஏதோ மறைகிறது என்று சந்தேகம் வந்தால் ‘-டபிள்யூசிஸ்டம்-ஹெடர்ஸ்’ போட்டு ஒரு தடவை கம்பைல் செய்து பாருங்கள். சத்தம் அதிகமாக இருக்கும், ஆனாலும் பாருங்கள்.

அப்புறம் பெரிய எழுத்து ‘-ஹெச்’. எந்த ஹெடர் எந்த ஹெடரை இழுத்தது என்று மரம்போலக் காட்டும்; எத்தனை புள்ளியோ அத்தனை ஆழம். ‘-ஈ’யோடு ‘-டிஎம்’ சேர்த்தால் அந்த நேரத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும் மேக்ரோக்கள் எல்லாம் வரும். நன்றாக ஓடும் கணினியிலும் விழும் கணினியிலும் இந்த மேக்ரோ பட்டியலை எடுத்து டிஃப் போட்டுப் பாருங்கள். பல நேரம் அந்த டிஃபிலேயே விடை இருக்கும்.

‘ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்’ என்று வந்து நின்றுவிடுகிறது. நான் எங்கும் எல்லை மீறி எழுதவில்லை. இதற்கும் ஹெடர் காரணமாக இருக்குமா?

இருக்கலாம், முக்கியமாக 32 பிட் கணினியில். ஃபங்ஷனின் உள் மாறிகள் இருக்கும் ஸ்டாக் என்ற நினைவகம் சிதைந்துவிட்டது என்பதே அந்தச் செய்தி. ஒரே ஸ்ட்ரக்சரை உங்கள் நிரலின் இரண்டு கோப்புகள் இரண்டு அளவாகப் பார்த்தால் இப்படி ஆகும்.

பெரிய கோப்புகளுக்காக _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ் மேக்ரோவை 64 என்று வைப்போம். 32 பிட் லினக்ஸில் அப்போது, கோப்பில் இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஆஃப்_டி வகை 4 பைட்டிலிருந்து 8 ஆகும். 32 பிட் இன்டெலில், கோப்பின் விவரங்களைத் தாங்கும் ஸ்டாட் ஸ்ட்ரக்சர் 88 பைட்டிலிருந்து 96 ஆகும். இந்த மேக்ரோவை எந்தச் சிஸ்டம் ஹெடருக்கும் முன்னால் வரையறுக்க வேண்டும். முதல் சிஸ்டம் ஹெடர் உள்ளே வந்த கணத்தில் ஃபீச்சர்ஸ்.ஹெச் முடிவெடுத்துவிடும், பிறகு வரும் மேக்ரோவைத் திரும்பிப் பார்க்காது.

இப்போது கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு கோப்பில், அந்த மேக்ரோ உள்ள கான்ஃபிக்.ஹெச் முதலில், ஸ்டிடிஐஓ.ஹெச் பிறகு. இன்னொரு கோப்பில் யாரோ அகரவரிசை அழகாக இருக்கட்டும் என்று வரிகளை மாற்றி, சிஸ்டம் ஹெடரை மேலே ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது கோப்பு 88 பைட் இடத்தை ஸ்டாக்கில் ஒதுக்கி, அதன் முகவரியை முதல் கோப்பில் உள்ள ஃபங்ஷனுக்குக் கொடுக்கிறது. அது 96 பைட் எழுதுகிறது. எட்டு பைட் அத்துமீறல், கம்பைலருக்கும் லிங்கருக்கும் தெரியாமல்.

கண்டுபிடிக்க ஜிடிபியின் ‘பிடைப் /ஓ’ நல்ல கருவி. ஸ்ட்ரக்சரின் ஒவ்வோர் உறுப்பும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும். இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகளையும் தனித்தனியாக ஜிடிபியில் திறந்து, ஒரே ஸ்ட்ரக்சரைக் கேட்டுப் பாருங்கள். விடை வேறுபட்டால் பிடித்துவிட்டீர்கள். பாஹோல் என்ற கருவியும் இதையே செய்யும். இரண்டுக்கும், பிழைதேடும் விவரங்களைச் சேர்க்கும் ‘-ஜி’ போட்டுக் கம்பைல் செய்திருக்க வேண்டும். மேக்ரோவைக் கோப்பில் வரையறுக்காமல் பில்ட் கட்டளையிலேயே கொடுத்துவிட்டால் உங்கள் சொந்தக் கோப்புகளுக்கு நடுவே இந்த வகைப் பிழை வராது.

2038 பற்றிப் பேசுகிறார்களே, அதுவும் இதே வகையா?

அதே வகைதான். நேரத்தை நொடிகளில் எண்ணும் 32 பிட் டைம்_டி வகை 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும். 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34, _டைம்_பிட்ஸ் என்ற மேக்ரோவைக் கொண்டுவந்தது. அதை 64 ஆக்கினால் டைம்_டி 8 பைட் ஆகும், அதற்கு _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸும் 64 ஆக இருக்க வேண்டும். மஸ்ல் என்ற இன்னொரு சி லைப்ரரி இன்னும் முன்பே, 2020-இல் 1.2.0 பதிப்பில், எல்லா 32 பிட் கணினிகளுக்கும் மாற்றிவிட்டது. டெபியன் 2024-இல் தன் 32 பிட் ஆர்ம் பொதிகளை இப்படி மாற்றியபோது, டைம்_டி வெளியே தெரியும் லைப்ரரிகளையெல்லாம் பெயர் மாற்றி மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. பழைய போர்டில் நீங்கள் மட்டும் இந்த மேக்ரோவைப் போட்டு, பழைய மூன்றாம் தரப்பு லைப்ரரியோடு இணைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதிலிருந்தே தெரியும்.

ஸ்ட்ரெரர்_ஆர் சிலரிடம் விழுகிறது, சிலரிடம் குப்பையை அச்சிடுகிறது. ஏன்?

பிழை எண்ணுக்குரிய செய்தியைத் தர, அந்தப் பெயரில் இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. போசிக்ஸ் வகை இன்ட் தரும், செய்தியை உங்கள் பஃபரில் எழுதும். க்னூ வகை சரத்தின் பாயின்டரைத் தரும், உங்கள் பஃபரைத் தொடாமலே விடலாம். எது கிடைக்கும் என்பதை _க்னூ_சோர்ஸ் மேக்ரோ தீர்மானிக்கிறது. சி++ கம்பைலரான ஜி++ அந்த மேக்ரோவைத் தானாகவே வரையறுத்துவிடும், சி கோப்புக்கு ஜிசிசி செய்யாது. ஆகவே ஒரே வரியை சி கோப்பிலிருந்து சி++ கோப்புக்கு நகர்த்தினாலே பொருள் மாறிவிடும். இன்ட் தரும் வகையின் விடையைப் பிரின்ட்எஃப்பின் சரம் இடத்தில் கொடுத்தால், பஃபர் போதாதபோது வரும் பிழை எண் 34 முகவரியாக மாறி நிரல் விழும். மாற்றிப் போட்டால், தொடப்படாத பஃபரை அச்சிடுவீர்கள்.

பாதையிலிருந்து கோப்புப் பெயரைப் பிரித்துத் தரும் பேஸ்நேமும் இப்படித்தான். லிப்ஜென்.ஹெச் தரும் வகை நீங்கள் கொடுத்த சரத்தையே மாற்றக்கூடும், ஸ்ட்ரிங்.ஹெச் தரும் க்னூ வகை மாற்றாது. மேற்கோளுக்குள் எழுதிய நிலையான சரத்தை முதல் வகையிடம் கொடுத்தால், எழுதக்கூடாத நினைவகத்தில் எழுதப்போய் விழக்கூடும். லிப்ஜென்னை இன்க்ளூட் செய்தால், சரத்தின் நகலைக் கொடுப்பதே பாதுகாப்பு.

சர்வர் ஆயிரம் இணைப்பு வரை ஓடுகிறது, அதற்கு மேல் எங்கெங்கோ விழுகிறது. இணைப்புகளைக் கண்காணிக்கச் செலெக்ட் ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறேன்.

எண்ணிலேயே விடை இருக்கிறது. ஜிலிப்சி ஹெடரில் எஃப்டி_செட்சைஸ் 1024. எஃப்டி_செட் என்ற வகை 128 பைட், அதாவது 1024 பிட். கோப்பு எண் (ஒவ்வோர் இணைப்புக்கும் ஓஎஸ் தரும் எண்) 1024 வந்ததும், அதே பெயருள்ள எஃப்டி_செட் மேக்ரோ 129-ஆவது பைட்டில் ஒரு பிட்டை ஏற்றிவிடும். அங்கே ஸ்டாக்கில் வேறொரு மாறி இருந்தால் அதில் ஒரு பிட் மாறும், அவ்வளவுதான். செக்மென்டேஷன் ஃபால்ட்கூட உடனே வராது. அதனால்தான் ‘எங்கெங்கோ’. எல்லை மீறலைச் சோதிக்கும் ஃபோர்ட்டிஃபை_சோர்ஸோடு கம்பைல் செய்திருந்தால் ஜிலிப்சி அங்கேயே தடுத்து நிறுத்தும்.

பொதுவாகத் திறந்த கோப்புகளின் மென் வரம்பு (நிரலே உயர்த்திக்கொள்ளக்கூடியது) 1024 என்பதால் இது தெரியாமலே இருக்கும். யாராவது யூலிமிட் கட்டளையால் அதை 65536 ஆக்குவார்கள், மறுநாள் விழும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி 2018-இல் 240 பதிப்பில் வன் வரம்பை (மென் வரம்பு தாண்ட முடியாத உச்சம்) 5,24,288 ஆக உயர்த்தியபோதும் மென் வரம்பை 1024-லேயே விட்டதற்குச் செலெக்ட்தான் காரணம். ஜிலிப்சியில் அந்த அளவை மாற்ற வழியில்லை. போல் அல்லது ஈபோலுக்கு மாறிவிடுங்கள், வேறு மருந்து இல்லை.

லைப்ரரி ஒரு பதிப்பு, ஹெடர் வேறு பதிப்பு என்று ஆகிவிடுமா?

அடிக்கடி ஆகும். எப்போதோ ஒரு லைப்ரரியைக் கையால் கம்பைல் செய்து யூஎஸ்ஆர்/லோக்கலில் நிறுவியிருப்பீர்கள். பிறகு லைப்ரரியை மட்டும் நீக்கிவிட்டு ஹெடரை விட்டிருப்பீர்கள். யூஎஸ்ஆர்/இன்க்ளூடுக்கு முன்பே ஜிசிசி பார்ப்பது அங்கேதான். ‘-ஹெச்’ மரத்தில் எந்தப் பாதை வருகிறது என்று பாருங்கள். ‘எல்டிடி’ கட்டளை எந்த லைப்ரரி ஏறுகிறது என்று சொல்லும். இரண்டும் எந்தெந்தப் பொதியிலிருந்து வந்தவை என்று ‘டிபிகேஜி -எஸ்’ (பெரிய எழுத்து) இடம் கேட்டு, அவற்றின் பதிப்பு எண்களை ஒப்பிடுங்கள்.

தரவைச் சுருக்கும் லைப்ரரியான ஸீலிப் இதை எவ்வளவு அழகாகக் கையாள்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிஃப்ளேட்இனிட் என்பது அதில் ஒரு மேக்ரோ. உங்கள் ஹெடரின் பதிப்பு எண்ணையும், உங்கள் கண்ணில் ஸீ_ஸ்ட்ரீம் ஸ்ட்ரக்சரின் அளவு எத்தனை பைட் என்பதையும் அது சேர்த்தே லைப்ரரிக்கு அனுப்புகிறது. பொருந்தாவிட்டால் லைப்ரரி பதிப்புப் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். லைப்ரரி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைப் பின்பற்றுங்கள். இரண்டு கூடுதல் ஆர்கியுமென்ட், யாரோ ஒருவரின் இரண்டு நாள்.

சி++இல் பெயரோடு வகையும் சேர்ந்து போகிறதே, அங்கே இந்தத் தொல்லை இல்லைதானே?

குறைவு, ஆனால் உண்டு. 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது ஸ்ட்ரிங் வகுப்பின் அமைப்பு மாறியது. 64 பிட்டில் 8 பைட்டாக இருந்தது 32 ஆனது. ஸ்ட்ரிங்கை நேரடியாக வாங்கும் ஃபங்ஷன்களின் பெயர் மாறிவிடுவதால் லிங்கரே தடுத்துவிடும். உங்கள் சொந்த ஸ்ட்ரக்சருக்குள் ஸ்ட்ரிங் இருந்து, அந்த ஸ்ட்ரக்சரை வாங்கும் ஃபங்ஷன் என்றால் பெயர் மாறாது. லிங்க் ஆகும், ஓடும்போது விழும்.

இனி இப்படி வராமல் இருக்க என்ன கொடிகள் போடலாம்?

விட்டுப்போன அறிவிப்பைப் பிழையாகவே ஆக்கும் ‘-டபிள்யூஎரர்=இம்ப்ளிசிட்-ஃபங்ஷன்-டிக்ளரேஷன்’, அதோடு ‘-டபிள்யூஎரர்=இன்ட்-கன்வர்ஷன்’. சின்ன டபிள்யூ கொடியை எடுத்துவிட்டு இவை இரண்டும் போட்டால் போதும், இந்தப் பக்கத்தின் முதல் பாதிக் கதை நடந்தே இருக்காது. 2024-இல் வந்த ஜிசிசி 14-இல் இரண்டும் இயல்பாகவே பிழைகள்தான். அறிவிப்பு விஷயத்தில் கிளாங் கம்பைலர் 2023-இலேயே, 16 பதிப்பில், அப்படி ஆக்கிவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணினியில் என்னென்ன வசதி உண்டு என்று பார்க்கும் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகளின் சோதனை நிரல்களிலேயே அறிவிப்பு விட்டிருக்கும். புதுக் கம்பைலரில் அந்தச் சோதனை தோற்று, இருக்கும் வசதியை இல்லை என்று எழுதிவிடும், பில்டும் சத்தமில்லாமல் முடியும். கம்பைலர் மாற்றியபின் கான்ஃபிக்.ஹெச்சைப் பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டேன், உண்மையிலேயே சிஸ்டம் ஹெடரில்தான் பிழை. யூஎஸ்ஆர்/இன்க்ளூடில் திருத்திவிடலாமா?

வேண்டாம். அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும். அதற்குள் அந்தக் கணினியில் கம்பைல் ஆன எல்லாமே வேறு யாரிடமும் இல்லாத ஒரு ஹெடரை நம்பியிருக்கும். பிழையைக் காட்டும் பத்து வரி நிரல் ஒன்று எழுதுங்கள். அதோடு ‘-ஈ’ வெளியீடு, கம்பைல் கட்டளை, ஹெடர் வந்த பொதியின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றை வைத்து உங்கள் விநியோகத்துக்குப் புகார் அனுப்புங்கள். டெபியனில் என்றால் சி ஹெடர்கள் லிப்சி6-டெவ் பொதி, கெர்னல் ஹெடர்கள் லினக்ஸ்-லிப்சி-டெவ் பொதி. திருத்தம் வரும்வரை அந்த ஹெடரைச் சுற்றி உங்கள் திட்டத்துக்குள்ளேயே ஒரு சின்ன உறை ஹெடர் வைத்து, எதற்காக வைத்தீர்கள் என்று அதன் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.